பாட்டு கேள்வி பதில்: எலெக்ட்ரிச்னி ஓர்காஸத்தை எங்க இருந்து கேக்க ஆரம்பிக்கணும்?

போன இதழ்ல, இப்ப பல நாடா பிரிஞ்சு போன பழைய யூகோஸ்லாவியாவோட ராக் பத்தி எழுதும்போது எலெக்ட்ரிச்னி ஓர்காஸம்னு ஒரு பெல்கிரேடு பேண்டு பேரை ஒரே ஒரு வரியில சொல்லிட்டு நகர்ந்துட்டேன், அதுக்கு வந்த கேள்விகளை பாத்ததும் இந்தத் தடவை பக்கம் முழுக்க அவங்களுக்கே குடுத்துடலாம்னு தோணிச்சு. செர்பியால 1980ல ஆரம்பிச்சு இன்னும் ஓடிட்டு இருக்கிற பேண்டு, அவங்க ரெக்கார்டுங்களை நான் ரொம்ப வருஷமா திரும்பத் திரும்ப கேட்டுட்டு இருக்கேன், அதனால பதில் எல்லாம் கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

கேள்வி: அண்ணா, நீங்க சொன்னீங்கன்னு ஆப்ல தேடிப் பாத்தேன். லைவ், தொகுப்பு, ரீமாஸ்டர்னு வரிசையா வந்து நிக்குது, தலை சுத்துது. எதுல ஆரம்பிக்கிறது? பெஸ்ட் ஆஃப் ஒண்ணு கேட்டா போதாதா?

பெஸ்ட் ஆஃப் வேண்டாம் தம்பி, இந்த பேண்டுக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம். ஏன்னா இவங்க ஒவ்வொரு ஆல்பத்துலயும் வேற ஆளா மாறிடுவாங்க, 1981 பாட்டு பக்கத்துல 1986 பாட்டை வெச்சா ரெண்டும் ஒரே பேண்டுன்னே நம்ப முடியாது, தொகுப்புல கேட்டா அந்த மாற்றம் எப்படி நடந்துச்சுன்னு புரியாம ஏதோ கலவையா காதுல விழுந்துட்டு போயிடும்.

1981ல வந்த முதல் ஆல்பத்துல ஆரம்பிங்க, அதுக்கு பேண்டோட பேருதான் பேரு. அதுல 'கொனோபார்'னு ஒரு பாட்டு, அப்படின்னா ஹோட்டல்ல பரிமாறுற சர்வர். பாடுற கிலே (முழுப் பேரு ஸ்ர்ஜான் கோய்கோவிச்) குரல்ல ஒரு பொறுமையின்மை இருக்கு, பின்னாடி ல்யூபோமிர் ஜுகிச்சோட ஆர்கன் (கீபோர்டு மாதிரி ஒரு கருவி) மெல்லிசா, கொஞ்சம் எரிச்சலா ஓடிட்டே இருக்கும். அந்த ஆர்கன்தான் முக்கியம். பங்க் (வேகமா, முரட்டுத்தனமா வாசிக்கிற ராக்) பேண்டுன்னா கிட்டார்தான் முன்னாடி நிக்கும்னு நினைப்போம், இங்க ஆர்கனும் சரிக்கு சரியா சண்டை போடும், அதனால வேகமான பாட்டுலகூட ஒரு விசித்திரமான 60கள் வாடை வரும். 'நெபோ' (வானம்) பாட்டையும் விடாதீங்க. மொத்த ஆல்பத்தையும் ஒரே மூச்சுல கேளுங்க, ஷஃபிள் போடாதீங்க.

அது பிடிச்சா அப்படியே வருஷ வரிசைல போங்க. பிடிக்கலைன்னா நேரா 1986 'திஸ்டோர்ஸியா'வுக்கு தாவுங்க, அது நேரடியான கிட்டார் ராக் அண்ட் ரோல், ரோலிங் ஸ்டோன்ஸ் கேட்டு வளர்ந்தவங்களுக்கு உடனே ஒட்டிக்கும்.

கேள்வி: பேரைப் பாத்து வீட்ல சத்தம் போடுறாங்க சார். இந்தப் பேரு எதுக்கு வெச்சாங்க?

பேரோட அர்த்தம் நீங்க யூகிச்சதுதான், மின்சார உச்சம். 1980ல பங்க் கேட்டு வளர்ந்த பசங்க, பேரைக் கேட்டதும் எல்லாரும் திரும்பிப் பாக்கணும்னு நினைச்ச காலம். இதைவிட எனக்கு பிடிச்ச விஷயம் அவங்க அதுக்கு முன்னாடி இருந்த பேண்டு, ஹார்ட் ராக் வாசிச்ச அதுக்கு 'ஹிப்னோதிஸானோ பிலே'ன்னு பேரு, வசியம் பண்ணப்பட்ட கோழிக்குஞ்சுன்னு அர்த்தம். அந்த பேண்டுக்கு முன்னாடி மேடையில வாசிக்கிறதுக்குன்னு அதே ஆளுங்க சும்மா ஆரம்பிச்ச இன்னொரு பேண்டுதான் எலெக்ட்ரிச்னி ஓர்காஸம், கடைசில கோழிக்குஞ்சு போச்சு, இது நின்னுச்சு. கோழிக்குஞ்சுல கிலே டிரம்மர், இங்க வந்துதான் மைக்கை பிடிச்சார்.

கேள்வி: 'பாக்கெத் அரான்ஷ்மான்'னு ஒரு ஆல்பத்தை இவங்க ஆல்பம்னு சிலர் சொல்றாங்க, சிலர் இல்லைங்கிறாங்க. எது சரி?

ரெண்டுமே சரிதான். அது மூணு பெல்கிரேடு பேண்டு சேர்ந்து பண்ணின தொகுப்பு, 1981 ஆரம்பத்துல வந்தது. மொத்தம் 11 பாட்டு, அதுல ஷார்லோ அக்ரோபாட்டாவுக்கு நாலு, இதோலிக்கு நாலு, எலெக்ட்ரிச்னி ஓர்காஸத்துக்கு மூணு. பேருக்கு அர்த்தம் டூர் கம்பெனிக்காரங்க விக்கிற பேக்கேஜ் மாதிரி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. என்ட்ஸோ லெசிச்னு ஒரு மியூசிஷியன், அவரோட சொந்த ஸ்டூடியோ 'த்ரூகா மாட்ஸா'ல பதிவானது. 1998ல விமர்சகர்கள் ஓட்டு போட்டு யூகோஸ்லாவியாவோட சிறந்த 100 ஆல்பம்னு ஒரு பட்டியல் வந்துச்சு, அதுல இதுக்கு ரெண்டாவது இடம். முதல் இடம் பிடிச்சதும் இதே தொகுப்புல இருக்கிற இதோலியோட சொந்த ஆல்பம்தான்.

நம்ம பேண்டோட மூணு பாட்டு 'க்ரோகோதிலி தோலாஸே' (முதலைகள் வருது), 'ஸ்லாத்னி பாபாகாய்' (தங்கக் கிளி), 'வீ' (நீங்க). தங்கக் கிளிங்கிறது பெல்கிரேடு நகர மையத்துல அப்ப நிஜமாவே இருந்த ஒரு கஃபே, வசதியான வீட்டுப் பசங்க நல்ல டிரஸ்ல வந்து உக்காருற இடம், அவங்களைக் குத்திக் காட்டித்தான் பாட்டு. எல்லாரும் சமம்னு சொல்ற ஒரு சோஷலிஸ்ட் நாட்டுல, யார் எந்த கஃபேல உக்காருறான்னு பாத்தே வகுப்பு பிரிக்கலாம்னு இருபது வயசு ஆளுங்க பேர் சொல்லி பாடுறாங்க, அது அங்க எப்படி இறங்கியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சேர்ந்து பாட்டு போட்ட ஷார்லோ அக்ரோபாட்டா சீக்கிரமே கலைஞ்சு, அதுல இருந்து எகாத்தரீனா வேலிகா, திஸிப்லீனா கிச்மேன்னு ரெண்டு பெரிய பேண்டு முளைச்சுச்சு. இதோலியும் 80கள் நடுவுலயே முடிஞ்சுது. இந்த மூணுல இன்னிக்கு வரைக்கும் அதே பேரோட ரெக்கார்டு போடுறது நம்ம ஆளுங்க மட்டும்தான், அதுக்காகவாவது இந்த ஆல்பத்தை அவங்க கணக்குல எழுதலாம்னு நான் சொல்வேன்.

கேள்வி: முதல் ஆல்பம் ரொம்பப் பிடிச்சுது. அடுத்தது போட்டா ஒண்ணுமே புரியல அண்ணா, பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்ச மாதிரி இருக்கு. நான் ஏதும் தப்பா கேக்கிறேனா?

தப்பா கேக்கல, எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்துச்சு. 1982ல வந்த 'லிஷ்ச்சே ப்ரேக்ரிவா லிஸபோன்', லிஸ்பனை இலைகள் மூடுதுன்னு அர்த்தம். முதல் ஆல்பம் ஹிட் ஆனதும் அதையே இன்னொரு தடவை பண்ணிக் குடுத்திருந்தா யாரும் கோவிச்சிருக்க மாட்டாங்க, இவங்க அதைப் பண்ணாம சைகடெலிக் பக்கம் திரும்பி, சின்னச் சின்னத் துண்டா, பாதி கனவு மாதிரி ஒண்ணைப் போட்டுட்டாங்க. நான் சொல்ற வழி, ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி, எது எந்தப் பாட்டுன்னு ஸ்க்ரீனைப் பாக்காம ஒரே நீளப் பாட்டா நினைச்சு கேளுங்க. மூணாவது தடவைல அதே ஆர்கன் இங்க எவ்ளோ வேற மாதிரி மூச்சு விடுதுன்னு பிடிபடும். அவங்க போட்டதுலயே தைரியமான ரெக்கார்டு எதுன்னு கேட்டா நான் யோசிக்காம இதைத்தான் சொல்வேன், அவங்க ஹிட் வரிசைல இது இல்லைங்கிறது வேற விஷயம்.

கேள்வி: வார்சா லைவ் ரெக்கார்டும், மத்தவங்க பாட்டைப் பாடின ஆல்பமும் அவசியமா?

வார்சா அவசியம். 'வார்ஷாவா 81', சின்ன ரெக்கார்டுதான், 1981ல போலந்துல வாசிச்சதை அடுத்த வருஷம் வெளியிட்டாங்க. சவுண்டு பளபளப்பா இருக்காது, அதை மனசுல வெச்சுக்கோங்க. ஆனா அந்த வருஷம் போலந்து எப்படி இருந்துச்சுன்னா, அரசாங்கத்தை எதிர்த்த சாலிடாரிட்டி தொழிலாளர் இயக்கம் உச்சத்துல, கடைகள்ல பொருள் இல்ல, டிசம்பர் 13 அன்னிக்கு ராணுவச் சட்டமே வந்துடுச்சு. அந்த வருஷத்து வார்சால, வெளிநாட்டு பங்க் பேண்டு ஒண்ணு முன்னாடி நின்ன கூட்டத்தோட சத்தம் அந்த டேப்ல இருக்கு, எனக்கு அது பாட்டுக்கு சமமா முக்கியம்.

1983 'லே ஷான்ஸோன் பொபுலேர்' முழுக்க மத்தவங்க பாட்டு, டி ரெக்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ்னு. இவங்க யார்கிட்ட பாடம் கத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்க ஒரு தடவை கேக்கலாம், அவ்ளோதான்.

கேள்வி: எனக்கு ஒரு செர்பிய நண்பர், கொஞ்சம் சந்தோஷம் ஆனாலே 'இக்ரா ரோகென்ரோல் செலா யூகோஸ்லாவியா'ன்னு பாட ஆரம்பிச்சு, பாதில கண்ணு கலங்கிடுவார். பாட்டு துள்ளலாத்தானே இருக்கு? ஏன் அழறார்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே எழுதணும்னு நினைச்சேன்.

அந்த வரிக்கு அர்த்தம் 'யூகோஸ்லாவியா முழுக்க ராக் அண்ட் ரோல் ஆடுது'. 1988ல வந்த 'லெத்திம், சான்யம், தீஷெம்' ஆல்பத்துல இருக்கு, ஆல்பம் பேருக்கு 'பறக்கிறேன், கனவு காண்றேன், மூச்சு விடுறேன்'னு அர்த்தம். பேண்டோட பெரிய ஹிட்டுங்கள்ல ஒண்ணு, லுப்லியானால இருந்து ஸ்கோப்யே வரைக்கும், அதாவது நாட்டோட ஒரு கோடில இருந்து இன்னொரு கோடி வரைக்கும் பாடினாங்க. துள்ளல் பாட்டுதான், ஒளிச்சு வெச்ச சோகம் எல்லாம் அதுல இல்ல, அது எழுதினப்ப அது வெறும் சந்தோஷம். ஆனா 1991 ஜூன் 25ஆம் தேதி ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் தனி நாடுன்னு அறிவிச்சாங்க, பாட்டு வந்து மூணே வருஷம். அந்த வருஷமே போர். 1992 ஏப்ரல்ல சரயேவோ முற்றுகை ஆரம்பம். பாட்டோட கோரஸ்ல இருக்கிற நாடே இல்லாம போச்சு, பாட்டு மட்டும் இருக்கு. உங்க நண்பர் பாட ஆரம்பிக்கிறது 1988ல, கோரஸ் முடியும்போது அவருக்கு அதுக்கு அப்புறம் நடந்தது எல்லாம் ஞாபகம் வந்துடுது, அதான் கண்ணு கலங்குது. சமாதானம் எல்லாம் சொல்லாதீங்க, கூட சேர்ந்து பாடுங்க.

இதோட ஜோடியா இன்னொரு ரெக்கார்டு கேக்கணும், அது பேண்டோட பேர்ல இல்லாததால பட்டியல்ல தேடினா கிடைக்காது. 1992ல எலெக்ட்ரிச்னி ஓர்காஸம், எகாத்தரீனா வேலிகா, பார்த்திப்ரெய்கெர்ஸ் மூணு பேண்டு ஆளுங்களும் சேர்ந்து 'ரிம்துதிதுகி'ன்னு ஒரு குழு போட்டாங்க (அந்தப் பேரு ஒரு கெட்ட வார்த்தையோட அசைகளைக் குலுக்கிப் போட்டது, அதை இங்க நேராக்கி எழுத முடியாது). 'ஸ்லூஷாய் வாமோ'ன்னு ஒரே ஒரு சிங்கிள், 'இங்க கேளு'ன்னு அர்த்தம், பி92ங்கிற பெல்கிரேடு ரேடியோ வெளியிட்டுச்சு. போருக்குப் போகாதேன்னு சொல்ற பாட்டு. 1992 மார்ச் 8ஆம் தேதி ஒரு திறந்த லாரில ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஏத்தி, பெல்கிரேடு தெருத் தெருவா வாசிச்சுட்டே போனாங்க. சொந்த நாட்டு அரசாங்கம் போர்ல இருக்கும்போது, ராணுவத்துக்கு ஆள் எடுப்பு நடந்துட்டு இருக்கிற ஊர்ல, லாரி மேல நின்னு அமைதி அமைதின்னு பாடுறது. அந்த லாரில இருந்த எகாத்தரீனா வேலிகாவோட மிலான் ம்லாதெனோவிச் 1994 நவம்பர்ல இறந்துட்டார், எலெக்ட்ரிச்னி ஓர்காஸத்தோட டிரம்மர் கோரான் சாவாய்தா 1997ல ஆஸ்திரேலியால இறந்தார். 80கள் ஆல்பங்கள்ல நீங்க கேக்கிற டிரம்ஸ் சாவாய்தாவோடது, அடுத்த தடவை கேக்கும்போது கொஞ்ச நேரம் டிரம்ஸை மட்டும் கவனிச்சுக் கேளுங்க, பாட்டை எவ்ளோ தூரம் அவர் தோள்ல தூக்கிட்டுப் போறார்னு தெரியும்.

கேள்வி: 80கள்ல வருஷத்துக்கு ஒண்ணு போட்டவங்க 90கள்ல ஏன் இப்படி சுருங்கிட்டாங்க? சரக்கு தீந்துடுச்சா?

சரக்கு தீரல சார், சுத்தி இருந்த எல்லாம் தீந்துடுச்சு. கணக்கு பாருங்க, 1981ல இருந்து 1988க்குள்ள ஆறு ஸ்டூடியோ ஆல்பம், அதுக்கு அப்புறம் 2018 வரைக்கும் முப்பது வருஷத்துலயும் ஆறுதான். 1992ல 'செக்ஸ், ட்ரோகா, நாஸில்யே ஈ ஸ்த்ராஹ்'ன்னு ஒண்ணு, செக்ஸ், போதை, வன்முறை, பயம்னு நாலு வார்த்தைலயே அந்த வருஷம் என்னன்னு சொல்லிடுச்சு.

முன்னாடி அவங்க ரெக்கார்டு எல்லாம் யூகோட்டோன் கம்பெனில வந்துச்சு, அது 1947ல ஆரம்பிச்ச கம்பெனி, இருக்கிறது குரோவேஷியாவோட தலைநகர் சாக்ரெப்ல. பெல்கிரேடு பேண்டு சாக்ரெப் கம்பெனில போடுறது அப்ப பெரிய விஷயமே இல்ல, ஒரே நாடு. திடீர்னு நடுவுல எல்லை வந்துடுச்சு, கம்பெனி குரோவேஷியா ரெக்கார்ட்ஸ்னு பேரை மாத்திடுச்சு, பழைய பாட்டு எல்லாம் அந்தப் பக்கம், பேண்டு இந்தப் பக்கம். கேக்கிற கூட்டமும் அதே மாதிரி துண்டாச்சு, ஸ்ப்லிட், ரியேகான்னு குரோவேஷியா ஊருங்கள்ல கூட்டம் கூட்டின பேண்டு அங்க போக முடியாது.

1992 மே மாசம் செர்பியா பக்கத்து மேல ஐநா பொருளாதாரத் தடை வந்துச்சு. 1993ல பணவீக்கம் எந்த அளவுக்குன்னா, டிசம்பர்ல 50,000 கோடி தினார் நோட்டு அடிச்சாங்க, ஒண்ணு ரெண்டு இல்ல பதினோரு சைபர், அதுல ஒரு கவிஞரோட படம் போட்டிருக்கும், வந்து கொஞ்ச நாள்லயே அந்த நோட்டுக்கும் மதிப்பு இல்ல. காலைல போட்ட விலை சாயங்காலம் செல்லாத ஊர்ல கேஸட்டுக்கு என்ன விலை போடுறது, ராயல்டியை எந்த மாசத்துக் கணக்குல குடுக்கிறது? தெருவுல திருட்டு கேஸட்டுதான் ஓடிச்சு. அப்படி ஒரு நேரத்துக்கு நடுவுல 1994ல ஒரு ஆல்பம் போட்டு அதுக்கு 'ஸாஷ்தோ தா நே!'ன்னு பேர் வெச்சாங்க பாருங்க, 'ஏன் கூடாது!'ன்னு அர்த்தம், அந்த ஆச்சரியக்குறியோட சேர்த்து. நான் அந்த ஆல்பத்தை எங்கயும் விட்டுக் குடுக்க மாட்டேன். 1996ல 'ஷிவோ ஈ அகூஸ்திச்னோ'ன்னு அகூஸ்டிக்கா ஒரு லைவ், பழைய சத்தமான பாட்டுங்க மெதுவாகும்போது உள்ள எவ்ளோ நல்ல மெட்டு இருந்துச்சுன்னு வெளில தெரியும். 1999ல, நேட்டோ விமானங்கள் செர்பியா மேல 78 நாள் குண்டு போட்ட அதே வருஷத்துல, 'ஆ ஊம் பூம்' வந்துச்சு. இவ்ளோ நடுவுல மூணு ரெக்கார்டு வந்ததே எனக்கு பெருசு.

கேள்வி: மொழி தெரியாம கேட்டா பாதிதானே கிடைக்கும்?

பாதிக்கு மேல கிடைக்கும். கிலே எழுதுற வரிங்க ரொம்ப சின்னது, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப சொல்லி அதுல வேகத்தை ஏத்துற வகை, அதனால ஒரு பாட்டுக்கு நாலு வார்த்தை தெரிஞ்சா போதும். கோரஸை மட்டும் அர்த்தம் தேடி வெச்சுக்கோங்க. ஒரு சின்ன உதவி, செர்பிய மொழிக்கு சிரிலிக், லத்தீன்னு ரெண்டு எழுத்தும் உண்டு, ஒரே பாட்டு ரெண்டு விதமா எழுதியிருந்தா ரெண்டு பாட்டுன்னு நினைச்சுடாதீங்க.

கேள்வி: முதல் ஆல்பம் ஒரிஜினல் பிரிண்ட்னு சொன்னதை நம்பி ஆன்லைன்ல வாங்கினேன். வந்து பாத்தா கவர் புத்தம் புதுசு, ரெக்கார்டும் புதுசு. ஏமாந்துட்டேனா?

ஏமாந்துட்டீங்கன்னுதான் தெரியுது, மனசு கஷ்டமா இருக்கு. அனேகமா பின்னாடி போட்ட மறுபதிப்பா இருக்கும், அது கேக்கிறதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஒரிஜினல் விலை குடுத்ததுதான் வயித்தெரிச்சல். இனிமே வாங்குறதுக்கு முன்னாடி மூணு படம் அனுப்பச் சொல்லுங்க, நடு லேபிள், கவரோட முதுகு, கடைசிப் பாட்டுக்கு அப்புறம் வர்ற வழவழப்பான வளையத்துல கீறியிருக்கிற நம்பர். இந்த முதல் ஆல்பத்தோட யூகோட்டோன் எல்பின்னா (பெரிய ரெக்கார்டு) நம்பர் எல்எஸ்ஒய் (LSY)ங்கிற எழுத்துல ஆரம்பிக்கும். லேபிள்ல குரோவேஷியா ரெக்கார்ட்ஸ்னு இருந்தா அது 1981ல வந்ததா இருக்கவே முடியாது, அந்தப் பேரே அப்ப இல்ல. இந்தப் படங்களை அனுப்பத் தயங்குறவங்ககிட்ட வாங்காதீங்க.

கேள்வி: கடைசியா ரெண்டு ஆல்பம் வந்திருக்காமே, வயசான பேண்டு, கேக்கலாமா?

2002ல 'ஹார்மொனாய்ஸெர்', அப்புறம் எட்டு வருஷம் கழிச்சு 2010ல 'தோ ஷ்தோ வீதிஷ் தோ ஈ யெஸ்தே' (பாக்கிறது எதுவோ அதுதான் அது), இன்னொரு எட்டு வருஷம் கழிச்சு 2018ல 'க்தே ஸ்மோ சாத்?' (இப்ப நாம எங்க இருக்கோம்?). 2010 ஆல்பம் எனக்கு நல்லாவே பிடிக்கும். 2018ஐ இப்பவே போட்டுக் கேக்காதீங்க, 1981ல இருந்து வரிசையா வந்து, லிஸ்பன், திஸ்டோர்ஸியா, 1988, 1994 எல்லாம் தாண்டி அங்க வந்து சேருங்க. அப்படி வந்து அந்தப் பேரைப் படிச்சுட்டு ப்ளே அழுத்துங்க. கேட்டுட்டு எனக்கு எழுதுங்க, உங்களுக்கு எது பிடிச்சுதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு நிஜமாவே ஆசை.